துக்கம் தொடுகிற பம்பு

அந்த இரங்கல் பதிவின் கீழே முந்தாநாள் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பாவை எடுத்த மூன்றாம் நாள் அம்மாவையும் பறிகொடுத்த பையன், "அம்மாவுக்கு நெஞ்சு தாங்கல" என்று ஒரு வரி எழுதுகிறான். அவனிடம் போய், "இதயம் ஒரு பம்பு. துக்கத்தில் யாரும் சாவதில்லை, அறிவியல் படியுங்கள்" என்று பாடம் எடுக்கிறார் ஒருவர். அதற்கு அத்தனை பேர் விருப்பக்குறி வேறு.

சரி, அறிவியலே பேசுவோம். 1990-இல் ஜப்பான் மருத்துவர்கள் ஓர் இதயக் கோளாறை விவரித்து 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை அது. தாங்க முடியாத அதிர்ச்சி வரும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருக்கெடுக்க, இடது கீழறையின் நுனி சுருங்க முடியாமல் அந்தப் பானை மாதிரி உப்பிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலர் இறந்தும் போகிறார்கள். பம்புதான் ஐயா, துக்கம் தொடுகிற பம்பு.

எங்கள் அப்பத்தாவுக்கு வந்தது இதுதான். தாத்தா போன ஐந்தாம் நாள், "நெஞ்சுல பாறாங்கல்ல வச்ச மாதிரி இருக்கு" என்றது. வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். சாயங்காலம் மூச்சு வாங்கியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி மாரடைப்பு என்றது. ஆஞ்சியோவில் ஓர் அடைப்பும் இல்லை. அந்த மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாராவது தவறிட்டாங்களா?"

மூடநம்பிக்கைக்கு வக்காலத்து என்பீர்கள். ரத்தம் உடலில் சுற்றி ஓடுவதை 1628-இல் ஒரு நூலில் நிறுவிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, அதே நூலில், மனதின் வலியும் இன்பமும் நம்பிக்கையும் அச்சமும் இதயம் வரை எட்டும் என்று எழுதினார். அவருக்குமா அறிவியல் தெரியாது? பாண்டியன் விழுந்ததும் கோப்பெருந்தேவியும் உயிர் விட்டாள் என்று நம் காப்பியம் சொன்னதைக் கற்பனை என்று தள்ளுங்கள், போகட்டும். ஹார்வியை எங்கே தள்ளுவீர்கள்?

இப்படிச் சொன்னால், துக்கம்தானே என்று நெஞ்சுவலியை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். நாங்களே ஒரு பகல் முழுக்க அப்படி இருந்தவர்கள். அதனால்தான் சொல்கிறேன், துக்க வீட்டில் ஒரு பெண் நெஞ்சு கனக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாலி இழந்தவள் அழுது அழுது இப்படித்தான் சொல்வாள் என்று விட்டுவிடுகிறோமே, அது எத்தனை வீட்டில் நடக்கிறது! அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

அந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீடு அது. 'இதயம் ஒரு பம்பு' என்ற உங்கள் வரியை எடுத்துவிடுங்கள், அந்தப் பையன் திரும்ப வந்து படிப்பதற்குள்.