அந்த அட்டையில் எழுதியிருந்தது

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் போராட்டப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1968. வரிசையாகக் கறுப்பினத் தொழிலாளர்கள், எல்லார் கையிலும் ஒரே அட்டை: 'ஐ ஆம் எ மேன்'. 'நானும் மனுஷன்தான்' என்றே இத்தனை நாளும் படித்துவந்தேன். அது பாதி அர்த்தம்தான் என்று புரியவைத்தவர் மைக்கேல் ஹனி.

அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர், வெள்ளைக்காரர். ஆனால் பேராசிரியராகி மெம்ஃபிஸுக்குப் போனவரில்லை. 1970-லிருந்து 1976 வரை அங்கேயே தங்கி உரிமை இயக்க வேலை பார்த்தவர். ஆய்வு, பல்கலைக்கழகம் எல்லாம் அப்புறம். ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையில் உழைத்து ஓய்ந்த கறுப்பினத் தொழிலாளர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசியதில் அந்த ஆறு வருஷத்துக்குப் பெரிய பங்குண்டு என்று நினைக்கிறேன். டேப் ரெக்கார்டரோடு திடீரென்று வாசலில் வந்து நிற்பவரிடம் யார் வாய் திறப்பார்கள்? 1999-ல் அந்தப் பேட்டிகளையே தனிப் புத்தகமாக்கினார். இரண்டு வரி கிள்ளிப்போடாமல், பக்கம் பக்கமாக அவர்களே பேசுகிறார்கள்.

'வாய்மொழி வரலாற்றை நம்ப முடியாது, ஞாபகம் தப்பும்' என்பார்கள். தப்பும்தான். தேதியைக் கோப்போடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய துப்புரவுத் தொழிலாளர்கள் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரும் லாரியின் குப்பை அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தது கோப்பில் இருக்கும். 12-ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகாததும் இருக்கும். தலையில் சுமந்த ஓட்டைக் குப்பைத் தொட்டியிலிருந்து அழுக்குத் தண்ணீரும் புழுவும் சட்டைக்குள் இறங்கியதை எந்த அதிகாரி எழுதிவைப்பார்? வீட்டுக்குள் நுழையுமுன் வெளியிலேயே துணியைக் கழற்ற வேண்டியிருந்ததை? சுமந்தவர் சொன்னால்தான் உண்டு.

இவர்களுக்குத் துணையாக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 12 நாள் கழித்து நகராட்சி இறங்கிவந்தது.

அட்டைக்கு வருகிறேன். பேரன் பேத்தி எடுத்த கறுப்பினத்தவரையும் வெள்ளை மேலாளர்கள் 'பாய்' (boy, பையன்) என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊர்க் கணக்கில், அறுபது வயதுக்காரரைப் பார்த்து 'டேய் பையா'. தொழிலாளர்கள் வாயால் இதைக் கேட்டபிறகுதான் அந்த 'மேன்' எனக்குப் பிடிபட்டது. அது அந்த 'பாய்'க்கு முகத்துக்கு நேராகச் சொன்ன பதில்.