படிக்கட்டுப் பக்கத்து மேசை

விடுதி மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க நிகழ்ச்சி நடத்துங்கள் என்றால், பெரும்பாலும் ஒரு பெரிய அரங்கத்தைப் பிடித்து, பேச்சாளரை அழைத்து, வருகைப்பதிவும் எடுத்து முடித்துவிடுகிறார்கள். நான் விடுதியில் இருந்த நான்கு வருடங்களில் அப்படி ஏழெட்டுக் கூட்டங்களுக்குப் போயிருப்பேன். பேசியவர்கள் அக்கறையோடுதான் பேசினார்கள். ஆனால் முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயர்கூடத் தெரியாது.

எனக்கு இன்றும் நினைவில் நிற்பது ஒரு மேசை. இரண்டாம் வருடம் ஒரு சீனியர் அண்ணன், எங்கள் தளத்தில் படியேறியதும் வரும் இடத்தில் மேசை போட்டு, ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர் ஒன்றைக் கொட்டி வைத்தார். அறிவிப்பு இல்லை, நேரம் குறிக்கவில்லை. போகிறவன் வருகிறவன் நின்று ஒரு துண்டைப் பொருத்திவிட்டுப் போவான். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தானோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. முகத்தைப் பார்த்து "பயமா இருக்குடா" என்று சொல்ல முடியாதவன், நீலத் துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டே சொல்லிவிடுவான். இரண்டு பாடத்தில் அரியர் விழுந்ததை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். வீட்டுக்கே அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

மேசை இருந்த இடமும் முக்கியம் என்பது பின்னாளில்தான் புரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் குடும்பங்கள் தங்கியிருந்த குடியிருப்பை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரோடு நெருங்கிய நட்பு அமைந்தது 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடியில் இருப்பவரோடு வெறும் 10 சதவீதம். மாடிப்படி ஓரம் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் பழக்கம் இருந்தது. குணமும் ரசனையும் ஒத்துப்போவதற்கு முன்னால், தினமும் எதிர்ப்பட வேண்டியிருக்கிறது. வளாகத்தின் மறுமுனையில் இருக்கும் அரங்கத்தால் அது நடக்காது.

2019இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. 249 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாய், பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக் கொஞ்சியது. ஒரு குழு பக்கத்தில் நின்று பார்த்தது, ஒரு குழு அவற்றின் படங்களைப் பார்த்தது, மற்றொன்று காத்திருந்தது. உமிழ்நீரைச் சோதித்தபோது, கையால் தொட்டவர்களுக்குத்தான் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கும் கையால் ஒன்றைச் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு மனக்குறை. எல்லாவற்றையும் தேர்வு வாரத்தில்தான் வைக்கிறார்கள். அதற்குள் தனியாகிப்போனவன் தனியாகவே போயிருப்பான். புதிதாக வந்தவனுக்கு முதல் ஒன்றரை மாதம்தான் கஷ்டமானது. அப்போது தளத்துக்குத் தளம் சின்னதாக ஏதாவது இருக்க வேண்டும்.

இதெல்லாம் சிகிச்சை ஆகிவிடாது. நாட்கணக்கில் தூங்காதவனுக்கும், வாழவே பிடிக்கவில்லை என்பவனுக்கும் கவுன்சிலர் வேண்டும், அன்றைக்கே வேண்டும். ஆனால் அவன் அந்த நிலையில் இருக்கிறான் என்று முதலில் யாருக்குத் தெரியும்? பக்கத்து அறைக்காரனுக்குத்தானே! எங்கள் தளத்தில் யாரிடமும் பேசாத ஒருவன் இருந்தான். நள்ளிரவுக்கு மேல் வந்து மேசையில் வானப் பகுதியை மட்டும் நிரப்பிவிட்டுப் போவான். இரண்டு நாள் வானம் வளரவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் மூன்று பேர் போய் அவன் கதவைத் தட்டினோம். கடுங்காய்ச்சல், எழுந்து தண்ணீர் எடுக்கத் தெம்பில்லாமல் படுத்திருந்தான். மேசை இல்லாவிட்டால் அவன் வரவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வார்டன்களிடமும் மாணவர் பிரதிநிதிகளிடமும் கேட்கிறேன். தளத்துக்கு ஒரு மேசை போடுங்கள். வருகைப்பதிவு வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு அந்த இடத்து விளக்கை அணைத்துவிடாதீர்கள். எங்களில் பலர் அங்கே வந்து உட்கார்ந்தது ஒரு மணிக்கு மேல்தான்.