முன்பணம் கூடுதல் வருமானம் அல்ல

"பதிப்பகம் தரும் முன்பணம் தனி, முதல் பிரதியிலிருந்தே ராயல்டியும் தனியாக வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்குப் பின்னால் வரவேண்டிய பங்குதான் ராயல்டி; அதை முன்கூட்டித் தருவதுதான் முன்பணம். முன்பணம் 1,00,000, பிரதிக்கு ராயல்டி 20 என்றால், 5,000 பிரதி விற்றுக் கழியும்வரை கைக்கு எதுவும் வராது. கடைகள் திருப்பி அனுப்பும் பிரதிகளையும் விற்பனைக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். விற்காவிட்டால் திருப்பிக் கட்டணுமோ என்ற பயம் வேண்டாம். கைப்பிரதியை ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாகக் கேட்க மாட்டார்கள்.

எழுத்தைத் தொழிலாக நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். ஒரே பதிப்பகத்தில் இரண்டு புத்தகம் போட்டால், ஒன்றில் இன்னும் கழியாமல் நிற்கும் முன்பணத்தை மற்றதன் ராயல்டியில் பிடித்துக்கொள்ளும் ஷரத்து சில ஒப்பந்தங்களில் இருக்கும். கையெழுத்துக்கு முன்பே அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.