ஒரு வரி மாறினால் ஃபார்மட்டா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் 'ஃபார்மட் அடிக்கணும்' என்கிறார்கள். என்ன ஏது என்று பார்ப்பது கிடையாது. நோய் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்.

எனக்குக் குளச்சலில் டிடிபி வேலை. கடல் பக்கம் அல்லவா, உப்புக்காற்றில் சிபியூவின் தகடு துருப்பிடிக்கும், ஃபேன் கரகரக்கும். அதைச் சுத்தம் செய்யத்தான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். செய்தார்கள். கூடவே, யாரும் கேட்காமலே பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்குக்குள் புகுந்து, கம்ப்யூட்டர் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடை 'ரெய்டு' என்பதில் இருந்து 'ஏஎச்சிஐ' என்பதற்கு மாற்றியும் வைத்தார்கள். 'அதுல ஸ்பீடு கூடும்ணே' என்பது பிறகு கேட்டபோது வந்த விளக்கம். மாற்றியவர் ஒரு தடவை ஆன் செய்து பார்த்திருக்கக் கூடாதா?

பைக்கில் முன்னால் வைத்து, கருங்கல் வழியாக ஒவ்வொரு பள்ளத்துக்கும் பயந்து கொண்டுவந்து போட்டால் லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, நீலத்திரை, சோக முகம், 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று ஒரு வரி, அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லையாம். திரும்ப லோகோ. உள்ளே ஆடிக் கொடை நோட்டீஸ் பாதியில் கிடக்கிறது. கமிட்டிக்காரர் வேறு, 'என்ன தம்பி, அடிச்சாச்சா?' என்று போனில் நிற்கிறார். கடைக்கு அடித்தால், 'டிஸ்க் போயிருக்கும்ணே, கொண்டு வாங்க, ஃபார்மட் அடிச்சுத் தாறேன்.'

டிஸ்க் எங்கே ஐயா போச்சு? பயாஸைத் திறந்தால் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் கல்லு மாதிரி அங்கேயே இருக்கின்றன. விண்டோஸ் எந்த மோடில் நிறுவப்பட்டதோ, அதற்கான டிரைவரை, அதாவது டிஸ்க்கைப் படிக்க உதவும் புரோகிராமைத்தான் பூட் நேரத்தில் தயாராக வைத்திருக்கும். மோடை மாற்றினால், தான் குடியிருக்கும் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியாது. பழைய மோடுக்குத் திருப்பி, சேவ் செய்து வெளியே வந்தால் முடிந்தது கதை. நான் அதைத்தான் செய்தேன். நோட்டீஸ் பத்திரமாக இருந்தது. இதற்கா என் ஃபான்ட், ஃபைல் எல்லாவற்றையும் துடைத்து எறியப் பார்த்தார்கள்?

ஏஎச்சிஐதான் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. மாற்றுவதற்கு முன்பே விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற செட்டிங் ஜன்னலைத் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மோடை மாற்றினால், சேஃப் மோடில் விண்டோஸ் புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டால் சரி. இரண்டு மூன்று டிஸ்க்கைச் சேர்த்து உண்மையாகவே ரெய்டு போட்டிருப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கமே போகக் கூடாது. புது லேப்டாப்களில், அதாவது இன்டெல் 11ஆம் தலைமுறையில் தொடங்கி, இதே கூத்து விஎம்டி என்ற பயாஸ் செட்டிங்கின் பெயரில் இருக்கும். அதை ஆன், ஆஃப் செய்தாலும் இதே கதிதான்.

இதைவிடக் கொடுமை பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பயாஸில் கை வைத்தால் சில லேப்டாப்கள் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பல வீடுகளில் அது ஆன் ஆகியிருப்பதே யாருக்கும் தெரியாது. கீ பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில்தான் கிடக்கும், வேறொரு போனில் லாகின் செய்து எடுக்கலாம். அதையும் கேட்காமல் 'லாக் ஆயிட்டுண்ணே, ஃபார்மட்தான்' என்று முடித்துவிட்டால், பிள்ளைகளின் படம், வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாம் போனது போனதுதான்.

நீலத்திரைக்காரனையும் விடுவதாக இல்லை. சோக முகம் போடத் தெரிந்தவனுக்கு, 'ஸ்டோரேஜ் மோடு மாறியிருக்கிறதா என்று பயாஸில் பார்' என ஒரு வரி எழுத என்ன கேடு?

இவ்வளவும் ஆன பிறகு கடையில் இருந்து போன் வந்தது. செட்டிங் மாற்றி ஸ்பீடு ஏற்றியதற்குத் தனியாக சார்ஜ் உண்டாம், பில்லில் சேர்க்க மறந்துவிட்டார்களாம், ஜிபேயில் போட்டுவிடச் சொல்கிறார்கள்.