நடுவில நிக்க ஒரு இடம் கேக்கிறம்

கால்வாய்க்கரை ரோட்டில சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தவரை வேன் அடிச்ச அந்த வீடியோவை இனி ஆரும் எனக்கு அனுப்பாதீங்கோ, பாத்திட்டன். வீடியோவை விட கீழ கிடக்கிற கொமெண்டுகள்தான் ராத்திரி நித்திரையைக் கெடுத்தது. "சைக்கிளை உருட்டிக்கொண்டு போறவர் பாத்துப் போயிருக்கோணும்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவர் பாத்துத்தான் இறங்கினவர். பஸ் நிண்டது, அதை நம்பி மஞ்சள் கடவையில கால் வச்சார், பஸ்ஸுக்கு அங்கால வந்த வேன் நிக்கேல்ல. பஸ் மறைச்சா அவருக்கு வேனும் தெரியாது, வேன்காரனுக்கு அவரும் தெரியாது.

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறன். நாலு லேனையும் ஒரே ஓட்டத்தில கடக்க விடாம நடுவில நிக்க ஒரு திட்டு கட்டுங்கோ. கடவையில இருந்து சில மீற்றர் பின்னால வாகனம் நிக்கிற கோட்டைப் போடுங்கோ, பக்கத்து லேன்காரனுக்கும் ஆள் தெரியும். கடவையை பேவ்மென்ட் உயரத்துக்குத் தூக்கினா வேகம் தானா இறங்கும். மணிக்கு 50 கிலோமீற்றரில வாறவன் ஆளைக் கண்டு பிரேக்கில கால் வைக்க ஒரு செக்கன் எடுத்தாலே 14 மீற்றர் ஓடிடும், 30இல எண்டா 8 மீற்றர்தான். ஆக்களும் வாகனமும் கலக்கிற இடத்தில 30தான் உச்ச வேகம் எண்டு 2020இல ஸ்டொக்ஹோமில நடந்த வீதிப் பாதுகாப்பு மாநாட்டிலயும் சொன்னவை, நானா கண்டுபிடிச்சுச் சொல்லேல்ல.

போனைப் பாத்துக்கொண்டு கடக்கிற ஆக்கள் இருக்கினம்தான், ஓம். அதுக்காக சாகோணுமா? ட்ரஃபிக் கூடுமாம், கூடட்டும். "ஓவர்ஹெட் பிரிட்ஜ் கட்டலாமே" எண்டு கேக்கிறவைக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதலா பதில் சொல்லோணும். என்ர அம்மாக்கு ரெண்டு முழங்காலும் ஏலாது. அத்தனை படி ஏறி இறங்கி ஒரு ரோட்டைக் கடக்கிறதெண்டா அவ வீட்டிலயே இருந்திடுவா, சைக்கிள் கொண்டுவாறவர் அதைத் தோளில தூக்கிறதோ?

சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்லி, விடிய ஆறு மணிக்கு முதல் கொழும்பு வெள்ளவத்தையில இருந்து அம்மாவும் நானும் வெளிக்கிட்டு அந்தக் கரைக்குப் போவம். ஒருநாள் ரோட்டுக்கு நடுவில மாட்டுப்பட்டு நிண்டம். ரெண்டு பக்கமும் வாகனம், காலுக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு மட்டும். ஒரு பஸ்ஸிண்ட கண்ணாடி அம்மாவிண்ட தோளுக்குக் கிட்டவா போச்சு. என்ர கையை அவ பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சு போச்சு, வாயைத் திறந்து ஒண்டும் சொல்லேல்ல. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க என்னைக் கையில பிடிச்சு ரோட்டைக் கடக்கப் பழக்கினவ அவதான்.

அதுக்குப் பிறகு அவ கரைக்கு வாறேல்ல. ஃப்ளாட்ஸிண்ட ரெண்டாம் மாடி கொரிடோரில, லிஃப்ட் கதவில இருந்து கடைசி வீடு மட்டும், போய்ப் போய் வாறா.