‘உட்காரும்மா’ என்பது ஒரு பதிலா?

நம் பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் வீடியோ இதற்குள் எல்லார் கைபேசிக்கும் வந்திருக்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளை. எழுந்து நின்று, தடுமாறாமல், தமிழில் கேட்டாள்: “பிரபஞ்சத்தோட விளிம்புக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?” மேடையில் இருந்தவர் சொன்ன பதில்: “விளிம்பு 1380 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கு. அதைப் படமே எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது, வெறும் சூனியம்.” அவள் விடவில்லை. “அப்ப அந்தச் சூனியம் எதுவரைக்கும் சார்?” என்றாள். “உட்காரும்மா, மத்தவங்களும் கேட்கணும்ல” என்று முடித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. வீடியோவில் அதற்குப் பிறகு அவள் முகம் தெரியாது. நேரில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

யார் என்று எழுதப் போவதில்லை. அவர் மேல் கோபமும் இல்லை. அந்தப் பதில் மேல் கோபம். சொன்ன மூன்றும் தவறு. தவறான மூன்றைச் சொல்லிவிட்டு, சரியான கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது.

முதலில் அந்த 1380 கோடி. அது பிரபஞ்சத்தின் வயது, ஆண்டுக் கணக்கு. ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரம். தூரம் வேறு. நம்மால் பார்க்க முடிகிற பகுதியின் ஆரம் சுமார் 4650 கோடி ஒளியாண்டு. ஒளி 1380 கோடி ஆண்டுதானே ஓடியிருக்கும், 4650 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒளி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி விரிகிறது; கடந்து முடித்த பாதையும் சேர்ந்து நீள்கிறது. நமக்கு வந்துசேரும் மிகப் பழைய ஒளி, பிரபஞ்சத்துக்கு வெறும் 3,80,000 வயது ஆனபோது கிளம்பியது. அது கிளம்பிய இடம் அன்றைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. அதன்பின் வெளி சுமார் 1100 மடங்கு விரிந்துவிட்டது. பெருக்கிப் பாருங்கள். அதே இடம் இன்று 4600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால்.

அடுத்தது, “படம் எடுத்துட்டாங்க.” எடுத்தது உண்மை. எதை எடுத்தார்கள் என்பதுதான் சொல்லப்படவில்லை. அந்த 3,80,000 வயது ஆகும்வரை பிரபஞ்சம் முழுக்கக் கொதிக்கும் வாயு. எலக்ட்ரான்கள் தனியாக அலைந்துகொண்டிருந்ததால் ஒளி நேராகப் போக வழியில்லை, முட்டி முட்டிச் சிதறியது. வெப்பம் 3000 டிகிரி அளவுக்கு இறங்கியபோது எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின, ஒளி விடுபட்டது. அந்த ஒளிதான் இன்று 2.7 கெல்வின் (ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் குளிர்ந்த நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் நம் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. பிளாங்க் செயற்கைக்கோள் படமாக்கியது அதைத்தான். முட்டை வடிவத்தில், நீலமும் சிவப்பும் புள்ளி புள்ளியாக இருக்குமே, அந்தப் படம். அதில் இருப்பது விளிம்பு இல்லை, நம் பார்வை முட்டி நிற்கும் இடம்.

டிசம்பர் மாதம் விடியற்காலைப் பனிமூட்டத்தில் எலகங்கா பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். இருநூறு மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாது, சுற்றிலும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரோடு பெங்களூரு முடிந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிற ஆட்டோக்காரரைச் சுற்றியும் அதே மாதிரி ஒரு வெள்ளைச் சுவர் இருக்கும். அவருடைய சுவரில் நீங்கள் நிற்கிறீர்கள். நம்முடைய ‘விளிம்பு’ இருக்கும் இடத்தில் இன்று யாராவது நின்றால், அவரைச் சுற்றியும் நம்மைச் சுற்றி இருப்பதைப் போலவே விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்) இருக்கும். அவர் நம் திசையில் திரும்பிப் பார்த்தால் நம் விண்மீன் மண்டலமான பால்வெளியும் தெரியாது, சூரியனும் தெரியாது. பிற்காலத்தில் நாமாக மாறிய அந்தக் கொதிக்கும் வாயுதான் தெரியும். அவருக்கு நாம்தான் விளிம்பு.

இதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இரண்டே நிமிடம்!

“சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?” என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். புரியும். மாடியில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவள் என்கிற முறையில் சொல்கிறேன். சிக்பேட்டையில் தையல் சாமான் கடையில் அரை அங்குல எலாஸ்டிக் ஒரு மீட்டர் வாங்குங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒன்பது ஊக்கு குத்துங்கள். ஒவ்வொரு ஊக்கும் ஒரு விண்மீன் மண்டலம். இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து இரட்டிப்பு நீளத்துக்கு இழுக்கட்டும். நடு ஊக்கிலிருந்து அளந்தால், பத்தில் இருந்த பக்கத்து ஊக்கு இருபதுக்குப் போயிருக்கும்; இருபதில் இருந்தது நாற்பதுக்கு; முப்பதில் இருந்தது அறுபதுக்கு. தூரத்தில் இருப்பது அதிக வேகமாக விலகுகிறது. 1929-இல் வானியலாளர் ஹபிள் சொன்னது இதைத்தான். பிறகு வேறு ஊக்கிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். அதே கணக்குதான் வரும். மையம் என்று ஒரு ஊக்கைத் தனியாகக் காட்ட முடியாது. அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. ஊக்குக்குப் பதில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தால், இழுக்கும்போது புள்ளியும் அகலமாகும். விண்மீன் மண்டலமும் நாமும் உப்பிக்கொண்டிருக்கிறோம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை, ஈர்ப்பு விசை பிடித்துவைத்திருப்பது விரியாது. ஊக்கை நெட்டுவாக்கில் குத்தினால் அந்த இடத்து எலாஸ்டிக் நீளாமல் கணக்கு பிசகும், குறுக்காகத்தான் குத்தவேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையை மட்டும் இழுத்தால், கம்பிதான் பிரபஞ்சத்தின் மையம் என்று மனதில் பதிந்துவிடும். அதை அழிக்க ஒரு மாதம் ஆகும். பலூன் காட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். பலூனுக்கு உள்ளே என்ன, வெளியே என்ன என்று பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கடைசியில் எந்தப் பிள்ளையாவது நிச்சயம் கேட்கும்: “எலாஸ்டிக்குக்கு ரெண்டு முனை இருக்கே, அதுதானே விளிம்பு?” அதற்காகத்தான் இவ்வளவும். அந்தக் கேள்வி வந்தால் பாடம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் நாம் “உட்காரும்மா” என்கிறோம்.

சரி, விளிம்புக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது? தெரிந்ததைச் சொல்கிறேன். பார்த்த இடம் வரைக்கும் பிரபஞ்சம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அந்தப் பழைய ஒளியின் வெப்பநிலை திசைக்குத் திசை மாறுவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். வெளியின் வளைவையும் அளந்தார்கள். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழைக்குள் அது தட்டை, அதாவது வளைவு எதுவும் தெரியவில்லை. அதனால் நம் பார்வை எல்லையைத் தாண்டினாலும் இதே மாதிரி விண்மீன் மண்டலங்கள் தொடர்கின்றன என்பதுதான் இன்று நியாயமாகச் சொல்லக்கூடியது. முடிவில்லாமல் தொடரலாம். அல்லது அந்த எலாஸ்டிக்கின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்ததுபோல, அளவு இருந்தும் விளிம்பே இல்லாமல் தன்னிடமே திரும்பி வரலாம். அப்படி இருந்து, அது நம் பார்வைக்குள் அடங்கும் அளவு சிறியதாகவும் இருந்தால், ஒரே இடத்தின் பழைய ஒளி இரண்டு பக்கமாகவும் நமக்கு வரும்; வானத்தின் இரண்டு வேறு திசைகளில் அச்சு அசலாக ஒரே மாதிரி வட்டங்கள் தெரியவேண்டும். தேடினார்கள். கிடைக்கவில்லை. பிரபஞ்சம் அவ்வளவு சிறியது இல்லை என்பது வரை தெரிந்தது. இன்னும் வெகுதூரம் போனால் வேறு குமிழிகளாக வேறு பிரபஞ்சங்கள் இருக்கலாம் என்று, இயற்பியலாளர் ஆலன் கூத் 1980 வாக்கில் முன்வைத்த திடீர் விரிவுக் கொள்கையிலிருந்து (பிறந்த கணத்திலேயே பிரபஞ்சம் மிக வேகமாக உப்பியது என்பது அது) கிளைத்த ஒரு கருத்தும் உண்டு. அதற்கு இதுவரை சாட்சி இல்லை. இல்லை என்று சேர்த்துச் சொன்னால்தான் அதைச் சொல்வது நியாயம்.

சுவர், அதற்கு அந்தப் பக்கம் சூனியம் என்பதற்குச் சாட்சியும் இல்லை, தேவையும் இல்லை. காலியான இடமும் இடம்தானே! சுமார் 2400 ஆண்டுக்கு முன்னால் கிரேக்கத் தத்துவஞானி ஆர்க்கிட்டஸ் கேட்டது இதைத்தான்: விளிம்பில் நின்று கையை நீட்டினால் கை போகுமா, போகாதா? போனால் அங்கே இடம் இருக்கிறது. போகாவிட்டால் தடுப்பது எது? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்வியும் அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக அங்கே போய் நின்றாள். நாம் சிரித்தோம்.

“மாணிக்கவாசகர் அண்டங்கள் விரிந்ததை அன்றைக்கே பாடவில்லையா, மேடையில் இருந்தவர் சொன்னதில் என்ன தப்பு?” என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் அதைப் பாடிய திருவாசகத்துத் திருவண்டப்பகுதி எனக்கும் உயிர். வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசிபோல அண்டங்கள் சிறிதாகத் தெரியும்படி ஒருவன் பெரியவன் என்று பாடியவர் அவர். இறைவனின் அளவைப் பாடினார். ஒளியாண்டுக் கணக்கு சொல்ல வரவில்லை. தப்பான கணக்குக்கு அவரைத் துணைக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

“வயதானவரைப் பொதுவெளியில் இப்படிப் பேசலாமா?” பேசக்கூடாதுதான். அந்தப் பிள்ளையையும் பொதுவெளியில்தான் உட்காரவைத்தார்கள்.

“உங்களுக்கும்தான் தெரியாது, நீங்கள் மட்டும் போய்ப் பார்த்தீர்களா?” இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். பார்க்கவில்லை. யாருமே பார்க்க முடியாது. 1600 கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் ஒரு எல்லை இருக்கிறது. அதற்கும் அப்பாலுள்ள மண்டலத்திலிருந்து இன்றைக்குக் கிளம்பும் ஒளி என்றைக்கும் இங்கே வராது. 1998-இல் தெரியவந்தபடி விரிவு வேகமெடுத்துக்கொண்டே போவதுதான் காரணம். நாம் பார்க்கிற பகுதியிலேயே நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து பங்கு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பார்க்க நம் ஊரை விட்டுப் போகவேண்டாம். 2018-இல், ஆஸ்திரேலியாவில் வைத்த ஒரு ஆன்டெனா முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்து வானொலிச் சைகையை (சிக்னலை) பிடித்துவிட்டது என்று அறிவித்தார்கள். எஃப்.எம். வானொலிக்குச் சற்றுக் கீழே, 78 மெகாஹெர்ட்ஸில். உலகமே கொண்டாடியது. நம் சதாசிவநகர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் சாரஸ் என்கிற தங்கள் ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு, 2020-இல் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். ஏன் தண்ணீரில்? மண்ணுக்கடியில் பாறையும் ஈரமும் அடுக்கடுக்காக மாறும். அதிலிருந்து திரும்பும் அலை, தேடுகிற சைகை போலவே ஏமாற்றும். ஏரித் தண்ணீர் எங்கும் ஒரே சீர். அளந்து, சரிபார்த்து, 2022-இல் “எங்களுக்கு அந்தச் சைகை தெரியவில்லை” என்று வெளியிட்டார்கள். இல்லை என்று சொல்வதற்காக ஆட்கள் ஏரி ஏரியாகப் போயிருக்கிறார்கள்! நம் மேடையில் “எனக்குத் தெரியலம்மா” என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஊரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், டிவியில் இந்தி. தமிழ் வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம். அந்த இரண்டு மணிநேரத்தில் ஒரு பிள்ளை பிரபஞ்சத்தைப் பற்றித் தமிழில் யோசித்து, தமிழில் கேட்டாள். இங்கிலீஷில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்களா? அடுத்த முறை அவள் எந்த மொழியில் கேட்பாள்? “பிள்ளைங்க தமிழ் பேசமாட்டேங்குது” என்று அழுகிறவர்கள்தானே நாம். பேசினால் உட்காரச் சொல்கிறோமே!

அவளுடைய அம்மா இங்கே என் நண்பர் பட்டியலில் இருக்கிறார், இதைப் படிப்பார். அக்கா, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியில் எலாஸ்டிக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்க. அவளுக்கு முதல் இடம், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும். மற்றவர்களும் வரலாம். எலாஸ்டிக் போதுமான அளவு இருக்கிறது, ஊக்கு மட்டும் ஆளுக்கு ஒரு அட்டை கொண்டுவந்துவிடுங்கள்.