கோபாலசமுத்திரத்து ராமச்சந்திரனைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் என்றதும் சர் சி.வி. ராமன், ஹோமி பாபா, விக்ரம் சாராபாய், சதீஷ் தவான் என்று வரிசையாகச் சொல்கிறோம். எல்லாரும் பெரியவர்கள்தான். ஆனால் திருநெல்வேலிக்காரர்களே அந்த வரிசையில் ஜி.என். ராமச்சந்திரனை விட்டுவிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பெயருக்கு முன்னால் வருகிற அந்த ‘ஜி’ நம் கோபாலசமுத்திரம். தருவை தாண்டி மேலச்செவல் போகிற வழியில் இருக்கிறதே, அதே ஊர். அப்பா எர்ணாகுளத்தில் கணிதப் பேராசிரியர் என்பதால் 1922-இல் அங்கே பிறந்தார். பூர்வீகம் இங்கேதான்.

1942-இல் மின்பொறியியல் படிக்கக் கழகத்தில் சேர்ந்தவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டவர் ராமன். அப்புறம் கேம்பிரிட்ஜ். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். உலகமே பேசும் அவருடைய வேலைகள் நடந்தது கிண்டியில்தான்.

தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிற கொலாஜன் புரதம், மூன்று இழைகள் ஒன்றாக முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எழுதினார். சில இடங்களில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றனவே என்று அதே புரதத்தை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரி, அணுக்கள் உண்மையில் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று, படிகங்களில் அணுக்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்து வெளிவந்திருந்த கணக்குகளை எடுத்துவைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அந்தத் தேடலில் விளைந்ததுதான் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு 1963-இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம்.

அமினோ அமிலங்களைக் கோத்த புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமான திருகு கோணங்கள் இரண்டு. முழங்கை பின்பக்கம் மடங்காத மாதிரி, அணுக்கள் இடித்துக்கொள்ளும் கோணங்களுக்குச் சங்கிலி திரும்பாது. எப்படியெல்லாம் திரும்பலாம் என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைப் புதிதாகக் கண்டறிகிறவர்கள், அது சரிதானா என்று இந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

1970-களின் தொடக்கத்தில் மறுபடி பெங்களூர் போய் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

அவர் பேச்சு வந்தாலே, நோபல் கொடுக்கவில்லையே என்ற ஆதங்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். என்ன கண்டுபிடித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு நோபலைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. ஆசிரியர் நண்பர்களே, அமினோ அமிலம் நடத்துகிற அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் இவருக்கு ஒதுக்குங்கள். கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே திருகிப் பார்க்க புரதச் சங்கிலியின் மாதிரி வடிவம் ஒன்று வேண்டும். அதேபோல் ஒன்றை கோபாலசமுத்திரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.